இயங்குதள ஆவணங்களைப் பராமரிப்பது: ஃப்ரீபிஎஸ்டியை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. வேலை நேரத்தில் பாதி, கட்டளைகளின் விளக்கங்களான மேன் பக்கங்களைப் புரட்டுவதில் போய்விடும். புரட்டும்போது கண்ணில் படும் தவறுகளை அவ்வப்போது திருத்தி அனுப்பத் தொடங்கினேன், பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியின் ஆவணங்களில் கைவைக்க விரும்பும் புதியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தனித்தனியாக எழுதுவதற்குப் பதிலாக இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஆவணம் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

இரண்டு பெரிய தொகுதிகள் இருக்கின்றன. ஒன்று, மேன் பக்கங்கள். கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு), அடிப்படைக் கட்டளைகள், அவற்றின் மேன் பக்கங்கள் எல்லாம் ஒரே மூலநிரல் களஞ்சியத்தில் அடுத்தடுத்து இருப்பதுதான் ஃப்ரீபிஎஸ்டியின் அமைப்பு. ஒரு கட்டளையின் நிரல் எந்த அடைவில் இருக்கிறதோ, பெரும்பாலும் அதே அடைவில் அதன் மேன் பக்கமும் இருக்கும். மொத்தம் 9 பிரிவுகள். முதல் பிரிவில் அன்றாடக் கட்டளைகள், நான்கில் சாதன இயக்கிகள், ஐந்தில் கோப்பு வடிவங்கள், எட்டில் நிர்வாகக் கட்டளைகள், ஒன்பதில் கெர்னலின் உட்புறம் என்று பிரித்திருக்கிறார்கள்.

இரண்டாவது தொகுதி, ஹேண்ட்புக் என்ற பெருங்கையேடும் அதைச் சார்ந்த நூல்கள், கட்டுரைகளும். இவை தனிக் களஞ்சியத்தில் இருக்கின்றன. ஒரு கட்டளை என்னென்ன செய்யும் என்று மேன் பக்கம் சொல்லும். ஒரு வேலையை முடிக்க எந்தெந்தக் கட்டளையை எந்த வரிசையில் கொடுக்க வேண்டும் என்று ஹேண்ட்புக் சொல்லும். இந்த எல்லையைக் கலந்துவிட்டால் இரண்டுமே கெட்டுப்போகும். ஒரு கட்டளையின் இருபது தேர்வுகளையும் (ஆப்ஷன்களையும்) ஹேண்ட்புக்கில் நகலெடுத்து வைப்பவர், இனி இரண்டு இடங்களில் திருத்த வேண்டிய வேலையை உண்டாக்கிவிட்டுப் போகிறார்.

ஒருமுறை நன்றாக எழுதிவிட்டால் அப்புறம் என்ன வேலை இருக்கிறது?

எழுதிய நாளில் சரியாக இருந்த வரி, யாரும் தொடாமலேயே தவறாகிவிடும். அடியில் இருக்கும் அமைப்பு நகர்ந்துகொண்டே இருப்பதுதான் காரணம்.

2012 ஜனவரியில் வந்த 9.0 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை சாதாரண வட்டுக்கு ‘ஏடி0’ என்று பெயர். வட்டு இயக்கியின் அடித்தளத்தை மாற்றியதால் அது ‘ஏடிஏ0’ ஆனது. ஒரே ஓர் எழுத்துதான் கூடியது. ஆனால் ஹேண்ட்புக்கில் வட்டு, வட்டுப் பிரிப்பு (பார்ட்டிஷன்), பூட் செய்தல், காப்பெடுத்தல் என்று எங்கெல்லாம் அந்தப் பெயர் உதாரணமாக வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பழைய பெயரிலும் அணுகும்படி ஒரு மாற்றுவழியை வைத்திருந்ததால் எதுவும் உடனே உடைந்துவிடவில்லை. வம்பே அங்கேதான். உடைந்திருந்தால் யாராவது கத்தியிருப்பார்கள். உடையாததால் தவறான பெயர் சத்தமில்லாமல் ஆவணங்களில் தங்கிப்போனது. அதே பதிப்பில் நிறுவி நிரலும் மாறியது. பழைய சிஸ்இன்ஸ்டால் போய், பிஎஸ்டிஇன்ஸ்டால் வந்தது. 8 வரிசையும் வழக்கத்தில் இருந்த காலம் அது. அதனால் ஹேண்ட்புக்கில் நிறுவுதலுக்கு இரண்டு அத்தியாயங்களைச் சில காலம் சேர்த்தே வைத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்து 10.0 வந்தபோது தொகுப்புகளை (பேக்கேஜ்களை) நிறுவும் கருவிகள் மொத்தமாக மாறின. 2023 நவம்பரில் வந்த 14.0 இன்னும் சில மாற்றங்களைக் கொண்டுவந்தது. போர்ட்ஸை (பிற மென்பொருள்களை மூலத்திலிருந்து தொகுத்து நிறுவ உதவும் தொகுதி) இறக்கித் தந்த போர்ட்ஸ்நேப் நீக்கப்பட்டது, இயல்பான அஞ்சல் அனுப்பி சென்ட்மெயிலிலிருந்து டிஎம்ஏவுக்கு மாறியது, நிர்வாகியின் கணக்கான ரூட்டின் ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) சிஎஸ்ஹெச்சிலிருந்து எஸ்ஹெச் ஆனது. கடைசி மாற்றம் அற்பமாகத் தோன்றும். ஆனால் சூழல் மாறியை அமைப்பதற்கு சிஎஸ்ஹெச்சில் ஒரு முறை, எஸ்ஹெச்சில் வேறு முறை. ரூட்டாக உள்ளே போய் ஆவணத்தில் இருக்கும் பழைய வரியை அப்படியே தட்டச்சு செய்பவர் பிழைச்செய்தியைத்தான் பார்ப்பார்.

அப்படியானால் எதைத் திருத்த வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முழுவதையும் படிக்க முடியாதே.

படிக்க வேண்டாம். மூலநிரல் களஞ்சியத்தின் மேலடைவில் ‘அப்டேட்டிங்’ என்றொரு கோப்பு இருக்கிறது. பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு வருபவர் கவனிக்க வேண்டியவற்றை, கடைசியாக நடந்தது முதலில் வரும்படி, தேதியிட்டு அதில் எழுதிவைப்பார்கள். பக்கத்திலேயே வெளியீட்டுக் குறிப்புகளுக்கான கோப்பும் இருக்கிறது. இந்த இரண்டிலும் ‘நீக்கப்பட்டது’, ‘பெயர் மாறியது’, ‘இனி இயல்பாக இது’ என்று வரும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய பெயர்களை ஆவணக் களஞ்சியம் முழுவதிலும் தேடுங்கள். ஒரு மாலை நேரத்தில் ஒரு மாதத்துக்குத் தேவையான வேலை கிடைத்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. யாராவது உங்களிடம் வந்து ‘புத்தகத்தில் உள்ளபடிதான் செய்தேன், வரவில்லை’ என்று சொன்னால், முதலில் ஆவணத்தைச் சந்தேகப்படுங்கள். பாதிக்குப் பாதி அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும்.

மேன் பக்கத்தைப் புதுப்பிப்பது நிரல் எழுதியவர் பொறுப்பா, ஆவணக் குழுவின் பொறுப்பா?

நிரல் எழுதியவர் பொறுப்புதான். கட்டளைக்கு ஒரு புதிய தேர்வைச் சேர்ப்பவர், அதே கமிட்டிலோ (களஞ்சியத்தில் பதியும் ஒரு மாற்றம்) உடன் வரும் கமிட்டிலோ மேன் பக்கத்தையும் மாற்ற வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. இரண்டும் ஒரே களஞ்சியத்தில் இருப்பதன் பெரிய லாபம் இதுதான். மாற்றம் முதலில், வளர்ச்சி நடக்கும் மெயின் கிளையில் போகும். பிறகு நிலையான கிளைகளுக்குக் கொண்டுசெல்லப்படும்போது நிரலும் பக்கமும் சேர்ந்தே பயணம் செய்யும்.

நடைமுறையில் எல்லாரும் இதைச் செய்துவிடுவதில்லை. நிரல் எழுதியவருக்குத் தன் தேர்வு என்ன செய்யும் என்பது மிக நன்றாகத் தெரியும். அதனாலேயே ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு வரியை அறியாதவர் கண்ணால் படித்து, ‘இந்த மதிப்பு நொடியிலா, மில்லிநொடியிலா?’ என்று கேட்பதுதான் ஆவணம் பார்ப்பவரின் வேலை. அறியாமை மூலதனமாகும் வேலைகள் உலகத்தில் அதிகம் இல்லை.

பழைய யூனிக்ஸ் ஆட்கள் இந்த விஷயத்தில் கறாராக இருந்தார்கள். யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3ஆம் தேதியிட்டது. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதியது. அதிலேயே பக்கங்களின் முடிவில் ‘குறைகள்’ என்ற பகுதி இருந்தது. தாங்கள் எழுதிய நிரலில் எது சரியில்லை என்பதைத் தாங்களே எழுதிவைத்தார்கள். அந்தத் தலைப்பு இன்றைய மேன் பக்கங்களிலும் இருக்கிறது. ஆனால் அதை நிரப்ப மனம் வருபவர்கள் குறைவு.

மேன் பக்கத்தின் மூலம் பார்க்கப் பயமாக இருக்கிறதே. புள்ளியும் எழுத்துமாக?

பத்து நிமிடத்தில் பயம் தெளிந்துவிடும். எம்டாக் என்ற குறிமொழி அது. பழைய யூனிக்ஸ் வகையான 4.4 பிஎஸ்டி காலத்தில் உருவானது. வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளி, அடுத்து இரண்டு எழுத்துகள், பிறகு உள்ளடக்கம். முதல் வரி தேதி, அடுத்தது பக்கத்தின் பெயரும் பிரிவு எண்ணும், அதற்கடுத்தது இயங்குதளம். பிறகு ‘பெயர்’ பகுதி வரும். அதில் கட்டளையின் பெயரும் ஒற்றை வரி விளக்கமும் இருக்கும்.

அந்த ஒற்றை வரியை அலட்சியம் செய்யாதீர்கள். ‘அப்ரோபோஸ்’ என்ற கட்டளையால் மேன் பக்கங்களைத் தேடுபவருக்குக் கண்ணில் படுவது அந்த வரி மட்டுமே. அதில் வராத சொல்லை வைத்துத் தேடுபவருக்கு உங்கள் பக்கம் இருப்பதே தெரியாது.

எம்டாக்கின் நல்ல குணம் ஒன்று உண்டு. ‘இதைச் சாய்வெழுத்தில் போடு’ என்று நீங்கள் சொல்வதில்லை. ‘இது ஒரு தேர்வு, இது அதன் மதிப்பு, இது ஒரு கோப்பின் பாதை’ என்று சொல்கிறீர்கள். தோற்றத்தை அது பார்த்துக்கொள்ளும். மாற்றிய கோப்பை நிறுவாமலேயே பார்க்கலாம். மேன் கட்டளைக்குப் பெயருக்குப் பதிலாக ./ என்று தொடங்கும் பாதையைக் கொடுங்கள். மேன்டாக் நிரலின் லின்ட் தேர்வில் ஓட்டினால் குறிமொழிப் பிழைகளைச் சொல்லிவிடும். இகோர் என்ற கருவி எழுத்துப்பிழைகளையும் வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடங்களையும் பிடிக்கும். இரண்டையும் ஓட்டாமல் பேட்ச் (திருத்தங்களைக் கொண்ட கோப்பு) அனுப்பாதீர்கள்.

முதல் வரியில் இருக்கும் தேதியை எப்போது மாற்றுவது?

உள்ளடக்கம் மாறினால் மாற்றுங்கள். எழுத்துப்பிழை, வெற்றிடம், குறிமொழித் திருத்தம் என்றால் தொடாதீர்கள். அந்தத் தேதி, பக்கம் சொல்லும் செய்தி கடைசியாக எப்போது மாறியது என்று வாசகருக்குச் சொல்வதற்காக இருக்கிறது. ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டுத் தேதியைப் புதுப்பித்தால், பத்து வருடப் பழைய தகவலுக்கு நேற்றைய முத்திரை குத்தியதாகிவிடும்.

ஹேண்ட்புக் எந்த வடிவத்தில் எழுதப்படுகிறது? எக்ஸ்எம்எல் கற்க வேண்டுமா?

இனி வேண்டாம். முதலில் எஸ்ஜிஎம்எல், பிறகு எக்ஸ்எம்எல் என்று டாக்புக் வடிவில் பல ஆண்டுகள் ஓடியது. 2021 ஜனவரியில் ஆஸ்கிடாக் வடிவத்துக்கும் ஹியூகோ என்ற தளக் கருவிக்கும் மாறினார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2020 டிசம்பரில், களஞ்சியம், மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவியான சப்வெர்ஷனிலிருந்து கிட் என்ற வேறொரு கருவிக்கு மாறியிருந்தது. ஒரு பத்திக்குள் ஒரு சொல்லைத் திருத்த நாலு திறப்புக் குறிகளையும் நாலு மூடும் குறிகளையும் கடந்துபோன காலத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் இந்த மாற்றத்தின் அருமை தெரியும்.

ஒரே ஒரு விதியை மட்டும் மனதில் வையுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி. வரி எவ்வளவு நீண்டாலும் பரவாயில்லை. பத்தியை அழகாக மடித்து எழுதினால், ஒரு சொல் மாறினாலும் பத்தி முழுவதும் மாறியதாகக் கிட் காட்டும். எது மாறியது என்று பார்ப்பவருக்கு அது தலைவலி.

ஒரு கமிட்டில் எவ்வளவு திருத்தலாம்?

ஒரு விஷயம். உள்ளடக்கத் திருத்தமும் வெற்றிடத் திருத்தமும் ஒரே பேட்சில் சேரவே கூடாது. டாக்புக் காலத்து வரலாற்றைப் புரட்டினால் ‘வெற்றிடத் திருத்தம் மட்டும், மொழிபெயர்ப்பாளர்கள் பொருட்படுத்த வேண்டாம்’ என்ற குறிப்போடு வரும் கமிட்டுகள் ஏராளமாகக் கிடைக்கும். உலகின் எங்கோ ஒரு மூலையில் ஜப்பானியத்திலோ ஜெர்மனிலோ பெயர்ப்பவர், மூலத்தில் மாறிய ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்த எழுதப்பட்ட அந்த ஒரு வரியை மரியாதையின் அடையாளமாகவே நான் பார்க்கிறேன்.

எழுதியதைச் சோதித்துப் பார்ப்பது அவ்வளவு அவசியமா? எனக்குத் தெரிந்ததைத்தானே எழுதுகிறேன்?

தெரிந்ததை எழுதும்போதுதான் தவறு வரும். என் கதையைச் சொல்கிறேன். போர்ட்ஸ்நேப் போன பிறகு, போர்ட்ஸ் மரத்தைக் கிட் மூலம் இறக்கும் முறையை எங்கள் உள் பயன்பாட்டுக்காக ஒரு குறிப்பாக எழுதினேன். மூன்றே வரிகள். என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. படித்துப் பார்த்த சக ஊழியர் ஒரே கேள்விதான் கேட்டார்: ‘கிட் எங்கிருந்து வந்தது?’

ஃப்ரீபிஎஸ்டியின் அடிப்படை அமைப்பில் கிட் கிடையாது. எப்போதோ நான் நிறுவியிருந்தேன், மறந்தும்விட்டேன். சரி என்று ஒரு மெய்நிகர் கணினியில் புதிதாக நிறுவி முதலிலிருந்து தொடங்கினேன். கிட்டை நிறுவ பிகேஜி கட்டளையைக் கொடுத்தேன். அது வேலையைத் தொடங்காமல், தொகுப்பு மேலாண்மைக் கருவியே இன்னும் நிறுவப்படவில்லை, இறக்கி நிறுவட்டுமா என்று கேட்டது. புதுக் கணினியில் முதல்முறை மட்டும் வரும் கேள்வி அது. என் குறிப்பில் அது இல்லை. அதைக் கடந்து கிட்டை நிறுவி, போர்ட்ஸை இறக்கக் கட்டளை கொடுத்தேன். இலக்கு அடைவு காலியாக இல்லை என்று மறுத்துவிட்டது. நிறுவும்போது போர்ட்ஸையும் சேர்க்கும் பெட்டியில் நான்தான் குறியிட்டிருந்தேன்.

மூன்று வரிக் குறிப்பில் மூன்று ஓட்டைகள். அன்றிலிருந்து ஒரு மெய்நிகர் கணினியைப் புதிதாக நிறுவி, அந்த நிலையில் ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். எந்தப் படிமுறையைத் திருத்தினாலும் முதலில் அந்த நிலைக்குத் திரும்பிப் போய், ஆவணத்தில் உள்ள எழுத்துகளை மட்டும் தட்டச்சு செய்வேன். விரல் பழக்கத்தால் ஒரு கட்டளை கூடுதலாக விழுந்தாலும் மறுபடி முதலிலிருந்து.

பழைய பகுதியை நீக்கலாமா? யாருக்காவது தேவைப்படுமே?

நீக்குங்கள். புதிதாக எழுதுவதைவிட எடுப்பதுதான் இந்த வேலையில் பெரிய பங்கு. சேர்ப்பதற்கு எல்லாருக்கும் ஆர்வம் உண்டு. பத்து வருடத்துக்கு முந்தைய மோடம் குறிப்பை எடுப்பதற்குத்தான் ஆள் கிடைக்காது. ‘யாருக்காவது’ என்ற அந்தக் கற்பனை வாசகருக்காக, நிஜ வாசகர்கள் ஆயிரம் பேர் காலாவதியான பத்தியைக் கடந்து போக வேண்டுமா? எடுத்தது கிட்டில் இருக்கும், எங்கும் போய்விடாது.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். எடுக்கும் பகுதிக்கு வேறு அத்தியாயங்களிலிருந்து வரும் இணைப்புகளைத் தேடிச் சரிசெய்யுங்கள். மேன் பக்கத்தையே நீக்குவதாக இருந்தால், மூலநிரல் களஞ்சியத்தில் காலாவதிக் கோப்புகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதில் அந்தப் பக்கத்தின் பாதையைச் சேர்க்க வேண்டும். மூலத்திலிருந்து தொகுத்து மேம்படுத்துபவர்கள் பழைய கோப்புகளை அழிக்கும் கட்டளையைக் கொடுக்கும்போது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அழிபடும். சேர்க்காவிட்டால் நிரல் போன பின்பும் அதன் மேன் பக்கம் பேயாக அலையும். மேன் என்று தட்டினால் விளக்கம் வரும், கட்டளையைத் தட்டினால் அப்படி ஒன்று இல்லை என்று வரும்.

எந்தப் பதிப்புக்காக எழுதுவது?

மேன் பக்கத்துக்கு இந்தக் கவலை இல்லை. ஒவ்வொரு கிளையிலும் அந்தக் கிளையின் பக்கம் இருக்கும். உங்கள் கணினியில் இருக்கும் பக்கம் உங்கள் கணினியில் இருக்கும் கட்டளையைப் பற்றியது. (இணையத்தில் மேன் பக்கம் பார்ப்பவர்கள், எந்தப் பதிப்பைத் தேர்ந்திருக்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ‘இந்தத் தேர்வு வேலை செய்யவில்லை’ என்று வரும் புகார்களில் கணிசமானவை அங்கே பிறக்கின்றன.)

ஹேண்ட்புக் அப்படியில்லை. ஆதரவில் உள்ள எல்லாப் பதிப்புகளுக்கும் சேர்த்து ஒரே நூல். ஆகவே ‘சமீபத்திய பதிப்பில்’, ‘தற்போது’, ‘விரைவில்’ என்ற சொற்களை எழுதாதீர்கள். ‘14.0 முதல்’ என்று எண்ணைப் போடுங்கள். எண் போட்ட வாக்கியத்தை, 13 வரிசையின் ஆதரவு முடிந்த பிறகு ஒருவர் தேடி எடுத்துவிட முடியும். ‘தற்போது’ என்பதைத் தேடினால் அது எந்தத் தற்போது என்று யாருக்குத் தெரியும்?

நடைக்கு விதிகள் உண்டா?

உண்டு. புதியவர்களுக்கான ஒரு வழிகாட்டி நூலே இருக்கிறது. அமெரிக்க எழுத்துக்கூட்டல், சுருக்க வடிவங்கள் கூடாது, பட்டியலின் கடைசி உருப்படிக்கு முன்னும் காற்புள்ளி என்று போகும். இவை பழகிவிடும். நான் கூடுதலாக வைத்திருக்கும் சொந்த விதி ஒன்றே ஒன்று: ‘எளிதாக’, ‘வெறுமனே’ போன்ற சொற்களைக் கண்டால் அடித்துவிடுவேன். இரவு இரண்டு மணிக்கு பூட் ஆகாத கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் ‘இது மிக எளிது’ என்று சொல்வதைவிட எரிச்சலூட்டும் காரியம் வேறில்லை.

பேட்ச் அனுப்பினேன், பதிலே இல்லை. என்ன செய்வது?

எல்லாருக்கும் நடப்பதுதான். பக்சில்லாவில் ஆவணப் பிரிவின் கீழ் பிழை அறிக்கையாக இணைக்கலாம், ஃபேப்ரிகேட்டரில் மதிப்பாய்வுக்கு வைக்கலாம், கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட்டாகவும் அனுப்பலாம். பார்ப்பவர்கள் தன்னார்வலர்கள். சில வாரங்கள் காத்திருந்து, பணிவாக ஒரு வரி நினைவூட்டுங்கள். சின்ன பேட்ச் சீக்கிரம் போகும். நாற்பது கோப்புகளைத் தொடும் பேட்சைக் கண்டால் நானே ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று தள்ளிவைப்பேன்.

தொடர்ந்து நல்ல பேட்ச் அனுப்புகிறவரை, நேரடியாகக் கமிட் செய்யும் உரிமை கொடுத்து உள்ளே அழைப்பார்கள். தொடக்கத்தில் ஒரு வழிகாட்டி இருப்பார். அவர் ஒப்புதலோடுதான் கமிட் செய்ய முடியும், அந்த ஒப்புதலும் கமிட் குறிப்பிலேயே பதிவாகும்.

லினக்ஸிலும் இதே முறைதானா?

இல்லை. அங்கே கெர்னல் ஓரிடம், கட்டளைகள் வேறிடம், எல்லாவற்றையும் சேர்த்துத் தருவது டெபியன், ஃபெடோரா போன்ற வழங்கல்கள். ஆவணங்களும் அப்படியே சிதறிக் கிடக்கின்றன. கெர்னல் அழைப்புகளுக்கும் சி நூலகத்துக்கும் மேன் பக்கம் எழுதும் தனித் திட்டம் இருக்கிறது. மைக்கேல் கெரிஸ்க் அதை 2004 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பராமரித்தார். அவருக்குப் பின் வந்த பராமரிப்பாளர், நிதி ஆதரவு இல்லாததால் பணியை நிறுத்திவைப்பதாக 2024இல் அறிவித்தார். பிறகு ஆதரவு கிடைத்துத் தொடர்ந்தார். உலகின் சர்வர்களில் பெரும்பகுதி எதை நம்பி ஓடுகிறதோ, அதன் விளக்கக் குறிப்பு ஒற்றை மனிதரின் மாத வருமானத்தில் தொங்கிக்கொண்டிருந்தது!

டெபியனிடம் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டளைக்கும் மேன் பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஒரு பிழை என்று அவர்களுடைய கொள்கை ஆவணமே சொல்கிறது. மூல நிரலை எழுதியவர் பக்கம் தராவிட்டால், தொகுப்பைப் பராமரிப்பவரே எழுதிச் சேர்ப்பது வழக்கம்.

ஆவணத்துக்கும் உரிமம் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். உரிமம் சரியில்லாவிட்டால் நல்ல ஆவணமும் வழங்கலுக்கு வெளியே போய்விடும். குனூ ஆவண உரிமத்தில் ‘மாற்றக் கூடாத பகுதிகள்’ என்று அறிவித்துக்கொள்ள இடம் உண்டு. அப்படிப்பட்ட பகுதிகள் உள்ள ஆவணங்கள் கட்டற்றவை அல்ல என்று டெபியன் உறுப்பினர்கள் 2006இல் வாக்களித்து முடிவெடுத்தார்கள். அதனால் சில குனூ நிரல்கள் முதன்மைக் களஞ்சியத்திலும் அவற்றின் கையேடுகள் கட்டற்றதல்லாத பிரிவிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. ஃப்ரீபிஎஸ்டியின் ஆவண உரிமம் அதன் நிரல் உரிமத்தைப் போலவே இரண்டு நிபந்தனைகளோடு முடிந்துவிடும்.

தமிழில் மொழிபெயர்க்கலாமா?

செய்யலாம். வெப்லேட் என்ற கருவியில் வாக்கியம் வாக்கியமாகப் பெயர்க்கும் வசதி இருக்கிறது. ஆனால் எங்கே தொடங்குவது என்பதில் நான் கொஞ்சம் கடுமையானவன். ஹேண்ட்புக் முழுவதையும் பெயர்த்துவிட்டு விலகிப்போனால், மூலம் நகர நகர மொழிபெயர்ப்பு பின்தங்கும். மூன்று வருடம் பழைய தமிழ்ப் பக்கத்தை நம்பி வட்டைப் பிரிப்பவரின் கதியை நினைத்துப் பாருங்கள். இல்லாத பக்கம் அந்த அளவுக்குத் தீங்கு செய்யாது. டெபியனின் நிறுவி தமிழிலும் கிடைக்கிறது. அங்கே திரையில் வருபவை சிறு வாக்கியங்கள், மூலம் மாறியதும் எந்த வாக்கியம் பழையது என்று கருவியே சொல்லிவிடும். முதலில் அப்படிப்பட்ட, விடாமல் பார்த்துக்கொள்ள முடிந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவை எழுதச் சொன்னால் என்ன?

திட்டத்தின் விதியை முதலில் பாருங்கள். ஜென்டூ லினக்ஸ் 2024 ஏப்ரலிலேயே இப்படி உருவான பங்களிப்புகளை ஏற்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. விதி இருக்கட்டும், என் அனுபவத்தைச் சொல்கிறேன். அது எழுதித் தரும் மேன் பக்கம் படிக்க வழுவழுப்பாக இருக்கும், நடுவில் அந்தக் கட்டளைக்கு என்றுமே இல்லாத ஒரு தேர்வும் இருக்கும். லினக்ஸில் உள்ள தேர்வை ஃப்ரீபிஎஸ்டியில் இருப்பதாகச் சொல்வதும் சகஜம். ஒவ்வொரு வரியையும் அந்தச் சுத்தமான மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பார்ப்பீர்கள் என்றால் என்னிடம் கேட்கவே வேண்டாம். பார்க்க மாட்டீர்கள் என்றால் அனுப்பவே வேண்டாம்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. முதல் வேலையாக எதை எடுப்பது?

நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு கட்டளையின் மேன் பக்கத்தைத் திறந்து, நேராகக் கடைசிக்குப் போய் ‘உதாரணங்கள்’ என்ற தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல பக்கங்களில் இருக்காது. நேற்று உண்மையாகவே நீங்கள் தட்டச்சு செய்த இரண்டு வரிகளை எடுத்து, எதற்காகச் செய்தீர்கள் என்று மேலே ஒரு வாக்கியம் எழுதுங்கள். உள்ளடக்கம் கூடுகிறது, ஆகவே தேதியை மாற்றுங்கள். லின்ட், இகோர் இரண்டையும் ஓட்டுங்கள். சுத்தமான கணினியில் அந்த இரண்டு வரிகளையும் ஒருமுறை தட்டச்சு செய்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.